சந்தேகமும் கடமையும்

பெருந்தீங்கு எதுவும் முன்னறிவிப்பின்றி நேர்வது அரிது. நேர்ந்த பின் ‘யாரும் எதிர்பாராதது’ என்று சொல்லுவது அதிகாரிகளின் வழக்கம். விசாரணைக் கமிஷனின் அறிக்கையைப் புரட்டும்போதுதான், எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பதும், அவர்கள் சொல் அம்பலம் ஏறவில்லை என்பதும் நமக்குத் தெரியவருகின்றன. 1991-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதம மந்திரி ஸ்ரீ ராஜீவ் காந்தி தற்கொலைக் குண்டுக்குப் பலியான சம்பவம் இதற்குத் தலையாய உதாரணமாகும்.

படப்பையிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகளின் மதில்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வாயிலிலும் காவற்காரர் உண்டு. உள்ளே செல்லும் தொழிலாளியின் அடையாளச் சீட்டைப் பார்க்காமல் விடமாட்டார். ஓர் ஆலையின் இரும்புக்கும் இயந்திரத்துக்கும் நாம் செய்துவைத்திருக்கும் இந்தக் காவலில் கால் பங்காவது, தேசத்தின் பெருந்தலைவர் ஒருவருக்கு அன்றிரவு கிடைத்ததா? இல்லை என்பதே துக்ககரமான பதில்.

அறிகுறிகள் இல்லாமலா போயின? 1990 ஜூன் 19-ந் தேதி, சென்னைக் கோடம்பாக்கத்தில் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணித் தலைவர் பத்மநாபாவும் அவரது சகாக்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளிகள் தப்பினர். அவர்களில் ஒருவனான சிவராசனே மறு வருஷம் திரும்பி வந்து ஸ்ரீபெரும்புதூர்ச் சதியை நடத்தினான். 1991 மார்ச்சு 2-ந் தேதி இலங்கை மந்திரி ரஞ்சன் விஜேரத்னா கொழும்பு நகரத் தெருவில் குண்டு வெடித்து மாண்டார். யாழ்ப்பாணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி வாயிலாகச் சங்கேதச் செய்திகள் போய்வந்தன. அவை பிடிபட்டும், அவற்றின் பொருள் விளங்கியது கொலைக்குப் பின்னரே. மே 7-ந் தேதி ஸ்ரீ வி. பி. சிங் கலந்துகொண்ட சென்னைக் கூட்டத்தில் சதிகாரர்கள் ஒத்திகையே பார்த்தனர், ஒருவரும் கவனிக்கவில்லை.

பிரதமருக்கென ஏற்பட்ட சிறப்புப் பாதுகாப்புப் படையின் காவல், ஸ்ரீ ராஜீவ் காந்தி பதவி துறந்த சில மாதங்களுக்குள் விலக்கப்பட்டது. பதவி போயிற்று, பகை போகவில்லை. இந்தச் சாதாரண உண்மையைத் தில்லி உணரவில்லை. தக்க மாற்று ஏற்பாடின்றி அக்காவலை நீக்கியதை நீதிபதி வர்மா கமிஷன் பின்னர் குறையாகக் கண்டது. தமிழ்நாடோ 1991 ஜனவரி இறுதியிலிருந்து ஜனாதிபதி ஆட்சியில் இருந்தது. ஆகவே, மத்திய சர்க்கார் மாகாண சர்க்காரையும், மாகாண சர்க்கார் மத்திய சர்க்காரையும் குற்றஞ்சாட்டித் தப்ப இங்கே இடமே இல்லை.

எனினும், பழி முழுவதையும் சர்க்கார் தலையில் சுமத்திவிட்டு அரசியல் ஊழியர்களாகிய நாம் கை கழுவிவிட இயலாது. மாலையணிவிப்போரைச் சோதித்து அனுப்புவது என்ற ஏற்பாடு இருந்தது. கட்சிக்காரர்களின் ஆர்வத்தில் அது குலைந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் சந்தனமாலையுடன் வரிசையில் கலந்து நின்றாள். பத்திரிகை நிருபரின் கோலத்தில் வந்தவனை ‘நீர் எந்தப் பத்திரிகை?’ என்று எவரும் கேட்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அனுசூயா என்ற மாது அப்பெண்ணைத் தடுத்தார். எல்லோரும் வரட்டும் என்ற பாவனையில் தலைவரே தடையை விலக்கச் செய்தார் என்பது அவர் பின்னர் கூறிய வாக்குமூலம். தலைவரின் பெருந்தன்மையை நாம் குறை கூறோம். ஆனால் காவலின் அளவைக் காக்கப்படுபவரின் தாட்சண்யத்துக்கு விடுவது முறையன்று. கடமை செய்ய முற்பட்ட அந்த ஒரு கைக்குப் பின்னால் துணையாக மற்றொரு கை எழவில்லை. தலைவரோடு காவலர் பலரும் பொதுமக்களும் மாண்டனர்.

சட்டம் பயின்றோர் அறிந்த விதி ஒன்றுண்டு: சந்தேகம் எவ்வளவு வலுத்தாலும் ருசுவாகாது. நீதிமன்றத்தில் இது தருமம். வாயிற்காவலில் இதே விதியைக் கையாள்வது மடமை. ஒருவரை நிறுத்தி விசாரிக்கச் சந்தேகம் போதும். ஒருவரைத் தண்டிக்க அது போதாது. நம் நாட்டில் நடந்ததோ தலைகீழ். மே 21-ந் தேதி சந்தேகத்துக்கு மதிப்பில்லை. அதன் பின்னர் சந்தேகத்துக்கே சிம்மாசனம். அகதிகளாக வந்த ஏழைத் தமிழர் அனைவரையும் ஊர் ஐயக்கண் கொண்டு நோக்கியது. 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அவர்களில் 19 பேரைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. முன்னே அசட்டையாக இருந்த அதிகாரம் பின்னே கண்மூடிக் கடுமை காட்டுவதால் மாண்டவர் மீளார், நிரபராதிகளே வாடுவர்.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. 2019 ஏப்ரலில் இலங்கைக்கு இந்தியா முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்பியது. அது கடிதமாக மேஜைக்கு மேஜை நகர்ந்தது. மாதாகோவில்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஏப்ரல் 21, ஈஸ்டர் திருநாளன்று 250-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023 ஜனவரியில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நஷ்டஈடு தரவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. எச்சரிக்கை பெற்றவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நியதி அங்கே நிலைநாட்டப்பட்டது. இங்கே நாம் கமிஷன்களை நியமித்தோம், அறிக்கைகளைப் பெற்றோம், அலமாரிகளை நிரப்பினோம்.

நாம் கோருவது புதிய அடக்குமுறைச் சட்டம் அன்று. வந்த எச்சரிக்கை எந்த அதிகாரியிடம் எந்நேரம் சேர்ந்தது, அவர் என்ன செய்தார் என்று பதிவு இருக்கட்டும். அப்பதிவு சட்டசபையின் பார்வைக்கு வரட்டும். தடுத்த காவலரை மேலோர் தட்டிக்கழிக்காதிருக்கட்டும். பொதுக்கூட்டம் நடத்தும் தொண்டர்களே, மாலை போட வருபவர் யார் என்று கேட்பது தலைவருக்கு அவமரியாதையன்று. அதுவே அவருக்கு நீங்கள் செய்யும் முதல் மரியாதை. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும். வெள்ளத்துக்குப் பின் விளைவது கண்ணீர் ஒன்றே.