அப்பாவின் பேனாக்கத்தி

“பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!” இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. நாஞ்சில் நாட்டில் எனக்கு எட்டு வயதிருக்கும்போது, தாத்தாவின் மடக்கெழுத்தாணியைப் போட்டுப் பழம் வாங்கித் தின்றவன் நான். ஒரு பக்கம் ஓலை சீவும் கத்தி, மறுபக்கம் எழுத்தாணி. இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கும். அதன் அருமை அன்று தெரியவில்லை. பள்ளி ஆசிரியரான என் தந்தையார் அடிக்கவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

டிப்ளமா முடித்து நான் ரயில்வேயில் சேர்ந்த அன்று, வகுப்புப் பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிய தம் பேனாக்கத்தியை என் கையில் வைத்தார். “இதையாவது பத்திரமா வச்சுக்கோ மக்கா” என்றார்.

நான் காத்த இலட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஊர் ஊராக மாற்றலாகிக் கருவிப்பெட்டியின் அடியிலேயே கிடந்துவிட்டது. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் 2022-இல் திறந்த ஓலைச்சுவடி அருங்காட்சியகத்துக்கு அண்மையில் பேரனுடன் போனேன். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகளைக் கண்டதும் பழைய குற்றம் நெஞ்சை உறுத்தியது. வீடு திரும்பிக் கத்தியைத் தேடி எடுத்தால், துருவேறித் திறக்கவே மறுத்தது.

பறவை இறகைச் சீவிப் பேனாவாக்கிய காலத்தில் வந்த பெயர் பேனாக்கத்தி. ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை 1913-இல் உருவாக்கிய பிறகும், இவ்வகைக் கத்திகள் பல கார்பன் எஃகிலேயே வந்தன. கூர் நன்றாக நிற்கும். நம் ஊர்க் கடற்காற்றைத்தான் தாங்காது.

சாலைக் கடைத்தெருவில் சாணை பிடிக்கக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பளபளக்கும். ஆனால் சக்கரத்தின் உராய்வில் மெல்லிய அலகு சூடேறி, ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸில் நீலம் பாரித்துவிட்டால் எஃகின் பதம் போய்விடும். பிறகு கூர் நிற்காது. ஆகவே மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்தேன். கீலில் தையல் எந்திர எண்ணெய் விட்டு, பலவந்தம் செய்யாமல் சிறிது சிறிதாக அசைத்தேன். மூன்றாம் நாள் திறந்தது! எண்ணெய் தொட்ட நைஸ் எமரித் தாளால் துருவை மட்டும் எடுத்து, நீர்விட்ட தீட்டுக்கல்லில் கையாலேயே கூர் ஏற்றினேன். அலகில் கறுத்த தழும்புகள் உண்டு, அவற்றை விட்டுவிட்டேன்.

கொம்புப் பிடியையும் தேய்த்து மெருகேற்றக் கை போயிற்று. அப்போது பேரன், “இது என்ன, தாத்தா?” என்று ஓர் இடத்தைக் காட்டினான். தந்தையார் ஊசியால் கீறியிருந்த தம் பெயரின் முதலெழுத்து, ‘சு’. மலையாளமும் ஆங்கிலமும் சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு கீறலாகத்தான் தெரிந்தது. எமரித் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் அந்தக் கத்தியால் பென்சில் சீவிக் கொடுக்கிறேன். ‘சு’வில் தொடங்கினோம், பாதி நெடுங்கணக்கு வந்துவிட்டோம். அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கும். எடைக்குப் போடுமுன் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.