நாலு பேர் ஆடுற ஆட்டத்துல ஒருத்தரே ஹீரோவா? ‘பவர் கேமர்’ சிக்கலைச் சமாளிப்பது எப்படி?

திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரி விடுதி அறை. சனிக்கிழமை இரவு. கதை சொல்ல ஒருவர், ஆட நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். கதையில் அந்த நால்வரும் மலை ஏறுகிறார்கள். நம்ம ஊர் மலைப் படிகளில் இருப்பது போலவே அங்கேயும் பாறையில் நாகம் செதுக்கியிருக்கிறது. திடீரென ஒரு பூதம் வழியை மறிக்கிறது. “என்னடா பண்ணலாம்?” என்று மூன்று பேர் யோசிப்பதற்குள், நாலாவது ஆள் இரண்டே அடியில் பூதத்தைச் சாய்த்துவிடுகிறார்.

போன வாரமும் இதே கதை. இந்த வாரமும் இதே கதை. அடுத்த வாரம் ஒருத்தர், “ரெக்கார்ட் எழுதணும்டா” என்று வராமல் இருந்துவிடுகிறார். இப்படித்தான் பல குழுக்கள் சத்தமில்லாமல் கலைகின்றன.

இது என்ன விளையாட்டு?

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் சிறுவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களே, அதேதான். பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974-ல் வெளிவந்தது. ஆளுக்கொரு கதாபாத்திரம். கதையை நடத்துபவர் ‘டன்ஜன் மாஸ்டர்’, சுருக்கமாக டி.எம். தாயம் உருட்டுவது போல இங்கே 20 முகப் பகடை உருட்டி, செய்த காரியம் பலித்ததா என்று பார்ப்பார்கள்.

பவர் கேமர் என்றால் யார்?

விதிப் புத்தகத்தை அலசி, தன் கதாபாத்திரத்தை முடிந்தவரை பலமாக்குபவர். ஏமாற்றுபவர் இல்லை. அவர் செய்வது எல்லாமே விதிக்கு உட்பட்டதுதான். 1980-லேயே கிளென் பிளாகோ என்பவர் ‘டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்’ இதழில் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தபோது, அதில் ஒன்றாக இதைச் சொன்னார். 2008-ல் வந்த டி.எம். கையேடும் பவர் கேமரை எட்டு வகை ஆட்டக்காரர்களில் ஒருவராகவே பட்டியலிட்டது.

பூதத்தின் பலத்தைக் கூட்டினால் சரியாகிடுமா?

எல்லா டி.எம்.களும் முதலில் செய்யும் தப்பு இதுதான். ஒரு சின்னக் கணக்கு பாருங்க.

பூதத்தின் தற்காப்பு எண் 15. சாதாரண ஆட்டக்காரர் பகடையில் விழுவதோடு 5 கூட்டிக்கொள்ளலாம். அதாவது 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். வாய்ப்பு 55 சதவீதம். பவர் கேமர் 9 கூட்டுகிறார். அவருக்கு 75 சதவீதம்.

இப்போது அவரைக் கட்டுப்படுத்த, தற்காப்பு எண்ணை 19 ஆக்கினால்? பவர் கேமருக்கு 55 சதவீதம். மற்றவர்களுக்கோ வெறும் 35! தண்டனை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று புரிகிறதா?

கைகாக்ஸ் என்ன செய்தார்?

தங்கள் கதாபாத்திரத்தை யாரும் அசைக்க முடியாது என்று மார்தட்டியவர்களுக்காகவே அவர் ஒரு சாகசம் எழுதினார். அதுதான் ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’. 1975-ல் ‘ஆரிஜின்ஸ்’ மாநாட்டுப் போட்டியில் ஆடப்பட்டு, 1978-ல் புத்தகமானது. அதில் சண்டை குறைவு, பொறிகள் அதிகம். வாளின் பலம் எடுபடாது, யோசித்தால்தான் தப்பிக்கலாம். ஆனால் அது போட்டிக்கு எழுதியது. வாராவாரம் கூடும் நண்பர்கள் மேல் அதை அப்படியே இறக்கினால், பவர் கேமரோடு மற்ற மூன்று பேரும் சேர்ந்தே சாவார்கள்.

அப்போ என்னதான் வழி?

* முதல் நாளே பேசிடுங்க: ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் உட்கார்ந்து, சண்டை எவ்வளவு, கதை எவ்வளவு என்று முடிவு செய்வதற்கு ‘செஷன் ஸீரோ’ என்று பெயர். பாதி ஆட்டத்தில் இருந்தாலும் ஒருநாள் நிறுத்திவிட்டு இதைச் செய்யலாம்.

* தனியா பேசுங்க: எல்லோர் முன்னாலும் குத்திக்காட்டினால் வீம்புதான் வளரும். டீக்கடையில் வைத்து, “மத்தவங்களுக்கு சான்ஸே வரலடா, கொஞ்சம் விட்டுக்கொடு” என்றால் பெரும்பாலும் போதும்.

* வாள் செல்லாத காட்சி வைங்க: கிணறு ஏன் வற்றியது என்று ஊர்ப் பாட்டிக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். இங்கே பேசத் தெரிந்த கதாபாத்திரத்துக்குத்தான் வேலை.

* அவர் அறிவைப் பயன்படுத்துங்க: விதிகளைக் கரைத்துக் குடித்தவர் அவர். புதுசா வந்தவரின் கதாபாத்திரத்தை வலுவாக்க அவரையே உதவச் சொல்லலாம். மேலே பார்த்த 5-க்கும் 9-க்கும் உள்ள இடைவெளி தானாகவே குறையும்.

எப்போது விடக்கூடாது?

பகடை எண்ணை மாற்றிச் சொல்வது, அடுத்தவர் முறையில் “நீ இதைத்தான் பண்ணணும்” என்று மிரட்டுவது எல்லாம் பவர் கேமிங் கணக்கில் வராது. அதை அன்றைக்கே நிறுத்தச் சொல்ல வேண்டும். சொல்லியும் கேட்கவில்லை என்றால், அவர் இல்லாமலேயே ஆடுவது நல்லது.

மற்றபடி, ஜெயிக்கணும் என்று நினைப்பது குற்றம் இல்லை. ரெக்கார்ட் எழுதப் போனவர் அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்தால், சிக்கல் தீர்ந்தது என்று அர்த்தம்.