முகம் தெரியாதவர் உங்களை எதற்காக நம்புவார்?

காரைக்காலுக்கு வடக்கே, கடலை ஒட்டிய திருவேட்டக்குடியில் நீங்கள் விசைப்படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூரில் உங்கள் கைவேலையை எல்லோரும் அறிவார்கள். நாகப்பட்டினத்துப் படகுக்காரருக்கு உங்களைத் தெரியாது. எஞ்சின் மக்கர் செய்யும்போது அவர் போனை எடுத்துத் தேடுகிறார். அங்கே எதைப் பார்த்தால் அவர் உங்களைக் கூப்பிடுவார்?

"தரமான வேலை, நியாயமான விலை, நீண்ட கால அனுபவம்" என்று போட்டால் போதாதா?

போதாது. அரைகுறையாக வேலை செய்பவரும் அதையேதான் போடுவார். அந்த வரி உண்மையா பொய்யா என்று படிப்பவர் சோதித்துப் பார்க்க வழியில்லை. சோதிக்க முடியாத வரியை எத்தனை முறை போட்டாலும் நம்பிக்கை வராது. நீங்கள் இணையத்தில் எழுதுவதோ வீடியோவில் பேசுவதோ, பார்ப்பவர் தானே சரிபார்த்துக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும்.

இதற்கு நம் புதுச்சேரிக் கடற்கரையிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்து மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். நம் ஊர்களில் இணையம் என்ற சொல்லே பழகாத காலம் அது.

மீனவர்கள் அதை ஏன் நம்பினார்கள்? அமெரிக்காக்காரன் சொன்னான் என்பதற்காக இருக்காது. ஒலிபெருக்கி சொன்னது சரியா என்பதை மறுநாள் கடலுக்குள் போனால் தாங்களே பார்த்துவிடலாம். சொன்னது தப்பினால் கரைக்குத் திரும்பியதும் மையத்துக்காரரை நேரிலேயே கேட்கலாம்.

2004 டிசம்பர் 26 அன்று, பக்கத்து மீனவர் ஊரான நல்லவாட்டிலும் இப்படியொரு மையம் இருந்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். எச்சரிக்கை மையத்தின் ஒலிபெருக்கியில் போனது. மக்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடிப் பிழைத்தார்கள். புதிதாக வாங்கி வைத்த ஒலிபெருக்கியாக இருந்திருந்தால், கேட்டவர்களில் பாதிப்பேர் "எவனோ விளையாடுகிறான்" என்று நின்றிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

சரி, நான் எஞ்சின்காரன். நான் எதைச் சொல்வது?

நேற்று பார்த்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். அது இப்படி இருக்கலாம்: "டீசல் எஞ்சின். பாரம் ஏறினால் கறுப்புப் புகை. வேறு இடத்தில் இன்ஜெக்டர் (டீசலைத் தெளிக்கும் பாகம்) மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்று வந்தார். நான் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். அடைத்துப்போயிருந்தது. மாற்றியதும் புகை நின்றது. இன்ஜெக்டரைத் தொடவில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளைப் புகை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கலாம். அதற்கெல்லாம் ஃபில்டர் மாற்றிப் பயனில்லை, எஞ்சினைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

இதில் "நான் கெட்டிக்காரன்" என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் படிக்கும் படகுக்காரர் தன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கலாம். அடைத்திருந்தால் உங்களுக்குப் பணம் தராமலே அவர் வேலை முடிந்தது. அடுத்த முறை பெரிய பழுது வந்தால் யாரைக் கூப்பிடுவார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடைசி வரியையும் கவனியுங்கள். இது எங்கே பொருந்தாது, எதைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று அதில் இருக்கிறது. பலர் இந்த வரியைப் பயந்துகொண்டு விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மொத்தப் பதிவிலும் அதிக நம்பிக்கை தருவது அதுதான். எல்லா நோய்க்கும் ஒரே லேகியம் விற்பவரை நாம் எப்படிப் பார்க்கிறோம்?

தொழில் ரகசியத்தை அவிழ்த்துவிட்டால் பிழைப்பு என்னாவது?

ஃபில்டர் அடைத்தால் புகை வரும் என்பது ரகசியமில்லை. சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் காது உங்களிடம்தான் இருக்கிறது. அதை வீடியோ பார்த்து யாரும் எடுத்துப்போக முடியாது. விலையை மட்டும் யோசித்துப் போடுங்கள். உதிரிப்பாக விலை மாறிக்கொண்டே இருக்கும். போட்டால் தேதியோடு போடுங்கள்.

எப்போது போடுவது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும். எஞ்சின் பிரிப்பு, பெயின்ட் வேலை எல்லாம் அப்போதுதான். எனவே அதற்கு முன்பே, மார்ச்சிலேயே, "கரையேற்றும்போது எதையெல்லாம் கழற்றிப் பார்க்க வேண்டும்" என்று போட்டால் தேடுபவர் கண்ணில் படும். ஜூலையில் போட்டால் படகு கடலில் இருக்கும்.

எஞ்சின் வேலை தெரியாதவருக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) வளாகம் இருக்கிறது. பிற மாநிலப் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோருக்கு இந்த ஊர் வரைபடத்தில் ஒரு புள்ளி. நீங்கள் ஆட்டோ ஓட்டுபவரானால், மெஸ் நடத்துபவரானால், அவர்களுக்கு வேண்டியது "அன்பான உபசரிப்பு" என்ற வாசகமல்ல. காரைக்கால் பஸ் நிலையத்திலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதை விட்டால் ஆட்டோவுக்கு எவ்வளவு, மழை நாளில் எந்த ரோட்டில் தண்ணீர் நிற்கும், சைவச் சாப்பாடு எந்தக் கிழமை இருக்கும் என்பதெல்லாம்தான். வந்து இறங்கியதும் அவர்கள் சரிபார்த்துவிடுவார்கள்.

என்.ஐ.டி. மாணவருக்கும் ஒரு வார்த்தை. லிங்க்ட்இன் (வேலை தருவோரும் தேடுவோரும் கூடும் இணையதளம்) பக்கத்தில் "பெருமையுடன் அறிவிக்கிறேன்" என்று சான்றிதழ் படம் போடுவதைவிட, நீங்கள் செய்த ஒரு புராஜெக்டில் எது வேலை செய்யவில்லை, ஏன், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று பத்து வரி எழுதுங்கள். நேர்காணலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். நீங்களே செய்திருந்தால் பதில் தானாக வரும்.

எத்தனை பேர் பார்த்தால் பிரயோசனம்?

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் வயல்வெளியில் சமைத்துக் காட்டும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களை (சேனலைத் தொடர்ந்து பார்ப்பதாகப் பதிவு செய்தவர்கள்) எட்டியது. அவர்களுக்குப் பார்வையாளர்தான் வருமானம். உங்களுக்கு வாடிக்கையாளர் வருமானம். காரைக்காலிலும் நாகையிலும் உள்ள படகுக்காரர்களில் இருநூறு பேர் பார்த்தால் உங்களுக்குக் கை நிறைய வேலை.

நாலு நல்ல விமர்சனத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போடலாமா?

வேண்டாம். ஒரே வாரத்தில் ஒரே நடையில் ஐந்து நட்சத்திரம் வந்தால் பார்க்கிறவருக்கே தெரிந்துவிடும். 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்றே ஒரு தரக்குறிப்பை வெளியிட்டிருக்கிறது. போலி விமர்சனம் அரசின் கண்ணிலும் விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கோபமான விமர்சனம் வந்தால், "எந்தத் தேதி, எந்த வேலை" என்று கேட்டுப் பொறுமையாகப் பதில் போடுங்கள். அந்தப் பதிலை அவரைவிட மற்றவர்கள்தான் கூர்ந்து படிப்பார்கள்.

ஒரு கம்பெனி இலவசமாக ஆயில் தந்து, அதைப் பற்றிப் பேசச் சொன்னால்?

பேசலாம். ஆனால் இலவசமாகத் தந்தார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே, தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இலும், மத்திய நுகர்வோர் துறை 2023இலும் இதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டுள்ளன. மக்களை ஏமாற்றும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகும். விளம்பரத்தில் பேசியவருக்கும் இது பொருந்தும்.

சில தொழில்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு. வழக்கறிஞர்கள் வழக்குப் பிடிக்க விளம்பரம் செய்யக்கூடாது. பார் கவுன்சில் விதி 36, 2008 திருத்தத்துக்குப் பிறகு, இணையதளத்தில் பெயர், முகவரி, படிப்பு, எந்தத் துறை வழக்குகள் போன்ற விவரங்களை மட்டும் அனுமதிக்கிறது. மருத்துவர்களும் நோயாளிகளை ஈர்க்க விளம்பரம் செய்ய முடியாது. பங்கு வாங்கச் சொல்லி ஆலோசனை தருவதைத் தொழிலாகச் செய்ய செபியில் (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) பதிவு வேண்டும். கருவாடு விற்பவரானால் பாக்கெட்டில் உள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பதிவிலும் போடுங்கள். வாங்குகிறவர் சரிபார்க்கக் கூடிய விவரம் அது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியை (கேட்டதை எழுதித் தரும் மென்பொருள்) வைத்து எழுதினால்?

எழுத்துப்பிழை திருத்த, வரியை ஒழுங்காக்கப் பயன்படும். உங்கள் பட்டறைக்கு நேற்று வந்த எஞ்சினை அது பார்க்கவில்லை. அதைக் கேட்டு வாங்கிப் போட்டால் மறுபடி "தரமான வேலை, நியாயமான விலை" கதைதான் வரும், கொஞ்சம் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு.

சொன்னது தவறாகிப்போனால்?

சத்தமில்லாமல் அழிக்காதீர்கள், யாராவது படம் பிடித்து வைத்திருப்பார்கள். மேலே தேதி போட்டு, "முன்பு இப்படிச் சொல்லியிருந்தேன், சரியானது இது" என்று எழுதிவிடுங்கள். வீடியோவானால் முதல் கருத்தாக அதைப் பதித்து வையுங்கள்.

இன்னொன்று, படம் எடுக்கும்போது. படகுக்காரரைக் கேட்டுவிட்டு எடுங்கள். படகின் பதிவு எண்ணையும் உரிமையாளர் முகத்தையும் மறைத்துவிடுங்கள். எஞ்சின் பழுது என்பது அவருக்கு வருமானமில்லாத நாள். அதை ஊரே பார்க்க அவர் விரும்பாமல் இருக்கலாம். கழற்றிய ஃபில்டர் ஒன்றின் படம், பக்கத்தில் புதிது ஒன்று, வெளிச்சத்தில் வைத்து எடுத்தால் போதும்.