பன்னிரண்டு கற்களும் பத்து வெள்ளியும்

நாற்பது ஆண்டு பாலைவனத்தில் அலைந்த ஒரு மக்கள் கூட்டம், கடைசியில் ஆற்றைக் கடந்து தனக்கென்று சொல்லப்பட்ட நிலத்தில் கால் வைக்கிறது. தலைவர் முதலில் என்ன செய்வார்? மதில் எழுப்புவார், காவல் போடுவார் என்றுதான் நினைப்போம். யோசுவா செய்தது வேறு. குலத்திற்கு ஒருவராகப் பன்னிரண்டு பேரை அனுப்பி, யோர்தான் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களைச் சுமந்து வரச் சொன்னார். அவற்றைக் கில்கால் என்ற இடத்தில் நாட்டி வைத்தார். பின்னாளில் பிள்ளைகள் இந்தக் கற்கள் எதற்கு என்று கேட்பார்கள். அப்போது பெற்றோர் நடந்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கற்கள் என்கிறது விவிலியத்தின் யோசுவா நூல்.

சுங்கை வேயில் மாலை நேர வகுப்பில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். என் மாணவர்களில் எல்லாச் சமயத்தவரும் உண்டு. இந்தக் கதையை அவர்களிடம் சமயப் பாடமாகச் சொல்வதில்லை. நிலம் ஒரு சமூகத்தின் கைக்கு எப்படி வருகிறது, வந்த நிலம் எப்படிக் கையில் தங்குகிறது என்பதற்கு உலகம் அறிந்த பழைய எடுத்துக்காட்டு இது. நம் பக்கத்திலேயே இதற்கு இணையான ஒரு கதை இருக்கிறது என்பதால் மீண்டும் மீண்டும் இதை எடுக்கிறேன்.

மண் சொல்வது என்ன?

விவிலியக் கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. இஸ்ரயேல் என்ற பெயர் கிடைக்கும் மிகப் பழைய கல்வெட்டு எகிப்து மன்னன் மெர்னெப்தாவினுடையது. ஏறத்தாழ கி.மு. 1208ஐச் சேர்ந்த அந்தக் கல் 1896இல் கண்டெடுக்கப்பட்டது. ஆக, அப்பெயருடைய மக்கள் அப்போது கானான் பகுதியில் இருந்தார்கள் என்பது உறுதி. ஆனால் 1950களில் எரிகோ நகரை அகழ்ந்த கேத்லீன் கென்யன், அதன் மதில்கள் யோசுவாவுக்குரிய காலமாகச் சொல்லப்படுவதற்கு வெகு முன்பே வீழ்ந்துவிட்டன என்ற முடிவுக்கு வந்தார். கி.மு. 1200ஐ ஒட்டி மலைப்பகுதியில் அரண்மனை இல்லாத, ஒன்றுபோன்ற வீடுகள் கொண்ட சிற்றூர்கள் நிறையத் தோன்றின என்பதும் அகழாய்வில் தெரிந்தது. ஒரே படையெடுப்பில் நாடு கிடைத்துவிடவில்லை, மெல்ல மெல்லக் குடியேற்றம் நடந்தது, குடியேறியவர்களில் பலர் அந்த மண்ணிலேயே வாழ்ந்தவர்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

அந்த நிலம் ஆளில்லாக் காடும் அல்ல. கானானியர் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நிலம் பெற்றவர்களின் கதையைப் படிக்கும்போது, அங்கே முன்பே இருந்தவர்களையும் நினைக்கத் தெரிந்தவரே வரலாற்று மாணவர்.

கடைசியாகப் பங்கு பெற்ற தலைவர்

மோசே அந்த நிலத்திற்குள் நுழையவே இல்லை. நேபோ மலையில் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் அதற்கு முன்பே யோசுவாவைச் சபையின் முன் நிறுத்தி, அடுத்த தலைவர் இவர் என்று காட்டிவிட்டார். யோசுவா நிலத்தைக் குலங்களுக்குச் சீட்டுப் போட்டுப் பிரித்தார். செலொப்பியாத் என்பவருக்கு மகன் இல்லை. அவருடைய ஐந்து மகள்களும் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். எல்லாரும் பெற்ற பிறகே யோசுவா தமக்கென ஓர் ஊரைப் பெற்றுக்கொண்டார்.

அவர் ஒன்றைச் செய்ததாக நூலில் இல்லை. மோசே தம்மை வளர்த்ததுபோல் அவர் இன்னொருவரை வளர்க்கவில்லை. யோசுவாவின் தலைமுறை மறைந்தபோது, முன்னோர் பட்ட பாட்டை அறியாத ஒரு தலைமுறை தலையெடுத்தது. நிலம் இருந்தது, நினைவு இல்லை. அடுத்து வரும் நீதித்தலைவர்கள் நூல் முழுக்கச் சண்டையும் சிதறலும்தான். தெபோரா, கிதியோன் போன்றவர்கள் அவ்வப்போது எழுந்து மக்களைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர்கள் போனதும் நிலைமை பழையபடி ஆனது.

நம் தோட்டங்களின் கதை

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1950களில் மலாயா சுதந்திரத்தை நெருங்கியபோது, வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கின. இடைத்தரகர்கள் அவற்றை மொத்தமாக வாங்கிச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். இதுதான் தோட்டத் துண்டாடல். பெரிய தோட்டத்தில் லயம், மருந்தகம், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி எல்லாம் இருந்தன. பத்து ஏக்கர் வாங்கிய புது முதலாளிக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. பால்மரம் வெட்ட இரண்டு பேர் போதும். மற்றவர்கள் பெட்டி படுக்கையோடு வெளியேறினார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பொருளியல் படிப்பவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் 1960ஆம் ஆண்டு மே மாதம் தோன்றியதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அதைத் தோற்றுவித்தவர் அப்போதைய ம.இ.கா. தலைவரும் அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன். அவர் 1919இல் சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டக்காரர் குடும்பத்தில் பிறந்தவர். நிலம் இல்லாதவர் அல்லர். நிலம் இருந்தால் என்ன மதிப்பு என்று தெரிந்தவர். தோட்டம் தோட்டமாகப் போய் அவர் கேட்டது மாதம் பத்து வெள்ளி. தோட்டத்தை விற்கிறார்கள் என்றால் நாமே சேர்ந்து வாங்குவோம் என்பதுதான் கணக்கு. 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அவர் 1979இல் மறைந்தபோது சங்கத்திடம் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருந்தன.

இங்கே படையெடுப்பு இல்லை, சீட்டு இல்லை. கிரயப் பத்திரம் இருந்தது. கூட்டுறவில் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டுதான். மரம் வெட்டிய பெண்ணுக்கும் அதே ஓட்டு, கிராணிக்கும் அதே ஓட்டு.

என் பாட்டி அப்படிப் பணம் கட்டியவர். நாள்கூலி சில வெள்ளிகளாக இருந்த காலத்தில் பத்து வெள்ளி சின்னத் தொகை அல்ல. எப்படிக் கட்டினீர்கள் பாட்டி என்று ஒருமுறை கேட்டேன். “எல்லாரும் கட்டுனாங்க, நானும் கட்டுனேன். அந்தத் தீபாவளிக்குச் சேலை எடுக்கல, அவ்வளவுதான்யா” என்றார். அவருடைய பங்குப் புத்தகம் பழைய பிஸ்கட் டின்னில், பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில் இருந்தது. வீட்டில் வேறு யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

எஸ்.எஸ். என்றால் என்ன?

என் மாணவர்கள் எஸ்.எஸ்.2இல் சாப்பிடுவார்கள், எஸ்.எஸ்.15இல் கல்லூரிக்குப் போவார்கள். அந்த இரண்டு எழுத்து சுங்கை வே-சுபாங் என்பதன் சுருக்கம் என்று சொன்னால் வியப்படைகிறார்கள். சுங்கை வேக்குப் பெயரே இப்போது ஸ்ரீ செத்தியா. 1972இல் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் மின்னணுத் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலைக்கு வந்தார்கள். பக்கத்தில் கம்போங் லிண்டுங்கானில் உள்ள தமிழ்ப்பள்ளியின் பெயர் சீபோர்ட். அது ஒரு தோட்டத்தின் பெயர். மரங்கள் போய்விட்டன, பள்ளிக்கூடம் மட்டும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது. கில்காலில் நின்ற கற்களைப் போல அதுவும் ஒரு கல்தான். யாராவது கேட்டால்தான் அது பேசும்.

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் நடக்கிறோம்; அவர் பெயருள்ள மோனோரயில் நிலையத்தில் இறங்குகிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் பத்து வெள்ளி கட்டிய ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. பங்குகள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கைக்கு வரும் காலம் இது. யோசுவாவின் மக்களுக்கும் இப்படி ஒரு கட்டம் வந்தது. நிலத்தை வாங்கிய தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். வாரிசாகப் பெறும் தலைமுறைக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இல்லையென்றால் நாமே கேட்க வேண்டும்.

ஆகவே மாணவர்களே, இந்தப் பள்ளி விடுமுறையில் மூன்று வேலை செய்யுங்கள். தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், அந்தத் தோட்டம் இப்போது என்ன ஆனது என்று கேட்டு எழுதி வையுங்கள். வீட்டில் கூட்டுறவுச் சங்கப் பங்குப் புத்தகம் இருக்கிறதா, வாரிசு நியமனம் செய்யப்பட்டிருக்கிறதா என்று பெற்றோரோடு உட்கார்ந்து பாருங்கள். இல்லையென்றால் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் சுலைமானில் உள்ள துன் சம்பந்தன் மாளிகைக்குப் போய் விசாரியுங்கள். பதினெட்டு வயதானவர்கள் ஏதாவது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி, ஆண்டுக் கூட்டத்திற்குப் போய்க் கணக்கைக் கேளுங்கள். உங்கள் ஓட்டும் ஓர் ஓட்டுதான். ஆனால் அதைப் போட ஆள் வேண்டும்.