அடுத்த அறைக்குப் போக ஊர் சுற்ற வேண்டுமா?

விழுப்புரம் அருகே கோலியனூர் கூட்ரோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், பிள்ளைகள் படித்து முடித்த பல வீடுகளின் பரணில் ஓர் அரசு லேப்டாப் கிடக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழகம் முழுக்க 50 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் மாணவர்கள் கைக்கு வந்தன. பத்தாண்டு கழிந்ததும் ஒன்றில் கீல் உடைந்துவிட்டது, இன்னொன்றில் கீபோர்டில் பாதி எழுத்து விழவில்லை, வேறொன்றில் திரை மங்கிப்போனது. பிள்ளை சென்னைக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போனதும் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். திரையும் கீபோர்டும் கெட்டால் கணினி கெட்டது என்று அர்த்தமில்லை. அதை இன்னொரு அறையிலிருந்து, கையிலிருக்கும் செல்போனிலிருந்தே இயக்கலாம்.

இயக்கி என்ன செய்வது? கூடத்தில் டிவியோடு ஒரு கம்பியில் இணைத்துவிட்டால் குடும்பத்தின் கல்யாண வீடியோவும் பாட்டும் அதில் ஓடும். கட்டிலில் படுத்தபடி பாட்டு மாற்றலாம். பிரின்டரை அதோடு சேர்த்து வைத்தால் மாடியில் படிக்கும் பெண் அங்கிருந்தே ஹால் டிக்கெட்டை அச்சுக்கு அனுப்பலாம். வீட்டிலுள்ள நான்கு செல்போன்களின் படங்களையும் ஒரே இடத்தில் சேமிக்கலாம். இவை எதற்கும் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

அடுத்த அறையில் இருப்பதை இங்கிருந்தே பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு நல்ல வரலாறு உண்டு. 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் ட்ரோஜன் ரூம் என்ற அறைக்கு வெளியே காபி வடிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. வேறு மாடிகளில் வேலை பார்த்தவர்கள் படியிறங்கி வந்து, காலிப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பாத்திரத்தை நோக்கி ஒரு கேமராவைப் பொருத்தி, அதன் சிறிய கறுப்பு வெள்ளைப் படம் எல்லோருடைய கணினித் திரையிலும் தெரியும்படி மென்பொருள் எழுதினார்கள். 1993-ல் அந்தப் படம் இணையத்துக்கு வந்து, உலகின் முதல் வெப்கேம் என்று பெயர் வாங்கியது.

அதே ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர் சில ஆண்டுகளுக்குப் பின் அதே ஊரில் ஒலிவெட்டி நிறுவனத்தின் ஆய்வகத்தில், ஆண்டி ஹாப்பர், டிரிஸ்டன் ரிச்சர்ட்சன், கென்னத் வுட் ஆகியோருடன் சேர்ந்து இன்னொன்றை உருவாக்கினார். ஒரு கணினியின் முழுத் திரையையும் வேறொரு இடத்தில் பார்க்கலாம். பார்ப்பது மட்டுமல்ல, மவுஸை நகர்த்தலாம், எழுதலாம். விஎன்சி என்று அழைக்கப்படும் அந்த மென்பொருளின் மூலநிரலை 1998-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இன்றைக்கும் அடுத்த அறைக் கணினியின் திரையைச் செல்போனுக்குக் கொண்டுவர அதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அது வேலை செய்யும் விதம் அழகானது. 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட ஒரு சாதாரண லேப்டாப் திரையில் சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்துக்கு மூன்று பைட் என்றால் ஒரே ஒரு திரைப்படிமம் 31 லட்சம் பைட்டைத் தாண்டும். நொடிக்கு 30 முறை அதை முழுதாக அனுப்புவதென்றால் 750 மெகாபிட் வேகம் வேண்டும். வீட்டு மோடத்தின் வைஃபை சுவர் தாண்டி அவ்வளவைத் தாங்காது. எனவே விஎன்சி ஒவ்வொரு முறையும் முழுத் திரையை அனுப்புவதில்லை. முதலில் ஒருமுறை அனுப்பிவிட்டு, பிறகு மாறிய இடத்தை மட்டும் சின்னச் சின்னச் செவ்வகங்களாக வெட்டி அனுப்புகிறது. நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்து விழுந்த இடம் மட்டும் வரும். சில நூறு பைட் போதும். பக்கத்தை மேலே தள்ளினால் இன்னும் சாமர்த்தியம்: ‘அங்கே இருந்த செவ்வகத்தை இங்கே வை’ என்ற கட்டளை மட்டுமே வரும், படம் வராது. இன்னொரு நயம், கேட்பது எப்போதும் பார்க்கும் கருவிதான். செல்போன் திணறினால் அது மெதுவாகக் கேட்கும். கணினியும் அதற்கேற்ப அனுப்பும். முழு சினிமா ஓடும்போது மட்டும் இந்த உத்தி தோற்கும், ஏனென்றால் அப்போது எல்லாப் புள்ளியும் மாறிக்கொண்டே இருக்கிறது. சினிமாவை டிவியிலேயே ஓடவிட்டு, செல்போனை ரிமோட்டாக வைத்துக்கொள்வதுதான் சரி. கேடிஇ கனெக்ட் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்கிறது: செல்போன் திரையே மவுஸாகும், பாட்டை நிறுத்தும், ஒலியைக் கூட்டும்.

திரையே வேண்டாம், கட்டளை போதும் என்பவர்களுக்கு எஸ்எஸ்ஹெச் இருக்கிறது. 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியபோது, தாட்டு யுலோனென் என்ற ஆய்வாளர் அதற்குப் பதிலடியாக எழுதியது. அதுவரை தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைபவர்களின் கடவுச்சொல் கம்பியில் அப்படியே வெளிப்படையாக ஓடியது. எஸ்எஸ்ஹெச் முழு உரையாடலையும் மறையாக்கம் செய்தது. உலகின் பெரும்பாலான சர்வர்களை இன்றும் நிர்வாகிகள் இதைக்கொண்டுதான் இயக்குகிறார்கள்.

இனி, செய்தி எந்த வழியில் போகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியம் அதுதான். வீட்டு மோடம் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கிறது, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் பயன்படுவதற்கென்று ஒதுக்கப்பட்ட எண்களில் அதுவும் ஒன்று; வெளியே அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. செல்போனிலிருந்து கிளம்பும் செய்தி மோடத்துக்குப் போய், அங்கிருந்து லேப்டாப்புக்குப் போகிறது. அவ்வளவுதான் பயணம். நெட் ரீசார்ஜ் தீர்ந்திருந்தாலும், சாலையோரம் ஃபைபர் அறுந்திருந்தாலும் இந்தப் பயணம் நிற்காது.

வளவனூர், கண்டமங்கலம் பக்கம் கரும்பும் நெல்லும் போடும் விவசாயிகள் செல்போனிலிருந்து மோட்டார் போடுவதைப் பழகியவர்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அந்தக் கருவிக்கு மானியமும் தருகிறது. அங்கே சிம் கார்டும் டவரும் கட்டாயம், ஏனென்றால் கொல்லை வீட்டிலிருந்து தொலைவில் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் கணினிக்கு அந்தத் தேவை இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளத்தில் மூழ்கடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி வெளித்தொடர்பு அறுந்த வேளையிலும், இன்வெர்ட்டரில் மோடம் ஓடினால் வீட்டுக்குள் இருக்கும் வலை உயிரோடு இருக்கும்.

ஆனால் பலரும் செய்வது வேறு. வெளியூர்க் கணினியை இயக்குவதற்கென்று வடிவமைத்த ஆப்பை, அடுத்த அறைக்கும் போட்டுக்கொள்கிறார்கள். அவை இரு கருவிகளையும் சந்திக்க வைப்பதற்கு நிறுவனத்தின் சர்வரை நம்பியிருப்பவை. வெளியூரிலிருக்கும் மகன் அப்பாவின் கணினியைச் சரிசெய்ய அது வேண்டியதுதான். நம் மாநிலத்து ஸோஹோவே அதற்கு ஒரு நல்ல மென்பொருள் வைத்திருக்கிறது. அடுத்த அறைக்கு அது தேவையில்லை. அந்த வகை ஆப்பின் இன்னொரு பக்கமும் நமக்குத் தெரியும். ‘பேங்கிலிருந்து பேசறோம் சார், இந்த ஆப்பைப் போட்டு வர்ற நம்பரைச் சொல்லுங்க’ என்று கேட்டுப் பணத்தை வழித்தெடுக்கும் மோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அந்த எண்ணைச் சொல்வது நம் திரையையும் விசையையும் முகம் தெரியாதவர் கையில் கொடுப்பதுதான். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்; தொலைக் கட்டுப்பாடு என்றால் என்ன என்று ஒருமுறை தங்கள் கணினியிலேயே செய்து பார்த்தவர் இந்த வலையில் எளிதில் விழமாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்குச் சில வேலைகள் உண்டு. லேப்டாப்பின் பேட்டரி உப்பியிருந்தால் முதலில் அதைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள், அது தீப்பிடிக்கும். பழைய விண்டோஸை விட்டுவிட்டு எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள். மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைப்பை மாற்றுங்கள். மோடத்தில் அந்தக் கணினிக்கு எப்போதும் ஒரே எண் கிடைக்கும்படி ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் எண்ணைத் தேட வேண்டியிருக்கும். வைஃபை கடவுச்சொல்லும் மோடத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லும் லைன் போட வந்தவர் வைத்தபடியே இருந்தால் மாற்றுங்கள். விஎன்சியின் பழைய வடிவங்கள் மறையாக்கம் செய்வதில்லை. எனவே அதற்கு நல்ல கடவுச்சொல் வைத்து, வீட்டு வலைக்கு வெளியே ஒருபோதும் திறக்காதீர்கள்.

அணைந்துகிடக்கும் கணினியை எழுப்பவும் ஒரு வழி 1995-லிருந்து இருக்கிறது. ஏஎம்டி நிறுவனம் அதற்கு மந்திரப் பொட்டலம் என்ற பொருளில் மேஜிக் பாக்கெட் என்று பெயரிட்டது. உச்ச மதிப்புள்ள ஆறு பைட், அதைத் தொடர்ந்து எழுப்ப வேண்டிய கணினியின் வலையட்டை முகவரி 16 முறை, ஆக மொத்தம் 102 பைட். கணினி அணைந்திருந்தாலும் வலையட்டை சிறிதளவு மின்சாரத்தில் விழித்திருந்து இதற்காகக் காத்திருக்கும். பெரும்பாலான பழைய லேப்டாப்களில் இது வைஃபை வழியாக நடக்காது, மோடத்திலிருந்து ஒரு கேபிள் இழுக்க வேண்டும்.

இதையெல்லாம் கூட உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தருவதைத் தொடர்ந்து செய்துவருகிறது. படித்தே கற்க விரும்புபவர்களுக்குக் கணியம் அறக்கட்டளை வெளியிட்ட எளிய தமிழ் லினக்ஸ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.