சத்தம் போடாத எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் கொஞ்சம் காற்று வேண்டும்

மேசைக் கணினியின் கேபினட்டுக்குள் மின்சாரம் முதலில் நுழையும் உலோகப் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். சுவர் பிளக்கிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றி மதர்போர்டுக்கும் மற்ற பாகங்களுக்கும் அது பிரித்துக் கொடுக்கிறது. இந்த மாற்றத்தின்போது மின்சாரத்தில் ஒரு பங்கு வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றப் பெரும்பாலான எஸ்.எம்.பி.எஸ்.களுக்குள் ஒரு விசிறி சுழல்கிறது. கணினியிலிருந்து இடைவிடாமல் வரும் இரைச்சலில் கணிசமான பங்கு அந்த விசிறியுடையதுதான். ஒலிப்பதிவுக் கூடம், படுக்கையறை, இரவு நேரப் படிப்பறை போன்ற இடங்களில் இந்த இரைச்சல் பெரிய தொல்லை. இதைத் தவிர்க்கவே விசிறியே இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.கள் சந்தைக்கு வந்தன. தைவானைச் சேர்ந்த சீசானிக், சில்வர்ஸ்டோன் போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. சீசானிக்கின் பிரைம் வரிசையில் 700 வாட் வரை தாங்கக்கூடிய விசிறியில்லா மாதிரியும் உண்டு.

விசிறியைக் கழற்றிவிட முடிந்ததற்குக் காரணம் மாற்றுத்திறன், அதாவது மின்சாரத்தை வெப்பமாக வீணாக்காமல் மாற்றும் திறன், கூடியதுதான். 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய 80 பிளஸ் தரச்சான்று, முழுத் திறனில் 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீத மாற்றுத்திறன் இருக்க வேண்டும் என்றது. பின்னர் வந்த கோல்டு தரம் 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமைக்கு 90 சதவீதமும், டைட்டானியம் தரம் 94 சதவீதமும் கேட்கின்றன. இந்த எண்கள் வெப்பத்தின் அளவில் பெரிய மாற்றத்தை உண்டாக்குகின்றன. கணினிக்கு 200 வாட் தேவைப்படும்போது 80 சதவீத எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து 250 வாட் இழுத்து 50 வாட்டை வெப்பமாக்குகிறது. 90 சதவீதமானால் வெப்பம் சுமார் 22 வாட். 94 சதவீதமானால் சுமார் 13 வாட்தான். ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு இழுக்கும் மின்சாரத்தின் அளவுதான் இது. இவ்வளவு சிறிய வெப்பத்தைத் தடித்த ஹீட் சிங்க் தகடுகளும் தேன்கூடு போலத் துளையிட்ட உறையும் காற்றின் இயல்பான ஏற்றத்தைக் கொண்டே வெளியேற்றிவிடும்.

ஆனால் விசிறி இல்லாத எஸ்.எம்.பி.எஸ். என்றால் காற்றே தேவைப்படாத எஸ்.எம்.பி.எஸ். என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் தவறு நிகழ்கிறது. சூடான காற்று லேசாகி மேலே எழும், அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று வரும் என்ற ஒரே இயக்கத்தைத்தான் இந்தக் கருவி நம்பியிருக்கிறது. மூடிய கேபினட்டுக்குள் அதைச் சுற்றியிருக்கும் காற்றையோ பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏற்கெனவே சூடாக்கியிருக்கும். சித்திரை, வைகாசியில் தமிழ்நாட்டு அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, கேபினட்டின் மேல்மூலையில் தேங்கும் காற்று 45 டிகிரியைத் தாண்டுவதில் வியப்பில்லை. வெப்பநிலை வேறுபாடு குறைந்தால் இயல்பான ஏற்றமும் தளரும். உள்ளே உள்ள பாகங்கள் மேலும் மேலும் சூடாவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தச் சூட்டால் முதலில் அடிபடுவது மின்பகு கப்பாசிட்டர்கள். இவற்றுக்குள் இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல மெல்ல ஆவியாகி வெளியேறுகிறது. திரவம் குறையக் குறையக் கப்பாசிட்டரின் உள்தடை ஏறுகிறது, அது சமன்படுத்த வேண்டிய வோல்டேஜ் அலைவு கூடுகிறது. கணினி காரணம் தெரியாமல் அணைவதும் மீண்டும் தொடங்குவதும் பல நேரங்களில் இதன் விளைவுதான். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று முத்திரையிட்ட ஒரு கப்பாசிட்டர், 65 டிகிரியில் சுமார் 32,000 மணி நேரமும், 55 டிகிரியில் சுமார் 64,000 மணி நேரமும் தாங்கும். இடைவிடாது ஓடும் கணினியில் முதலாவது மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல், இரண்டாவது ஏழு ஆண்டுக்கு மேல். விலை கூடிய விசிறியில்லா எஸ்.எம்.பி.எஸ். வாங்குபவர் அது பல ஆண்டு உழைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வாங்குகிறார். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறுமா என்பதை 10 டிகிரி வித்தியாசம் தீர்மானித்துவிடும்.

இந்த 10 டிகிரியைக் குறைக்கத் தேவைப்படும் காற்றோ மிகக் குறைவு. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 1200 ஜூல் ஆற்றல் வேண்டும். அப்படியானால் 20 வாட் வெப்பத்தை 10 டிகிரி ஏற்றத்துக்குள் அடக்கி வெளியே கொண்டுபோக நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்று போதும். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று காதுக்கு எட்டாத வேகத்தில் சுழன்றாலும், தடையில்லாத இடத்தில் இதைப் போல் சில மடங்கு காற்றைத் தள்ளிவிடும். அதோடு, அசையாத காற்று ஹீட் சிங்கின் மேல் ஒரு போர்வையாகப் படிந்திருக்கிறது. மெல்லிய ஓட்டம் அந்தப் படலத்தைக் கலைத்த உடனேயே தகட்டிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பம் வெகுவாகக் கூடுகிறது. அதன் பிறகு ஓட்டத்தை எவ்வளவு கூட்டினாலும் ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் ஆதாயம் சுருங்கிக்கொண்டே போகும். காற்றே இல்லாததற்கும் கொஞ்சம் காற்றுக்கும் உள்ள தூரம், கொஞ்சம் காற்றுக்கும் பலத்த காற்றுக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரியது. விசிறியில்லா எஸ்.எம்.பி.எஸ்.ஸை மெதுவான விசிறியோடு சேர்த்து வைப்பது முரண்பாடாகத் தோன்றினாலும் மிகப் பொருத்தமான ஏற்பாடாவது இதனால்தான்.

சத்தத்தின் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்று பாதியாகும். அது இழுக்கும் மின்திறன் எட்டில் ஒரு பங்காகும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே மனிதக் காதுக்குச் சத்தம் பாதியாகக் குறைந்ததுபோல் கேட்கும். நிமிடத்துக்கு 1200 சுற்றில் ஓடும் ஒரு விசிறிக்குப் பதிலாக 600 சுற்றில் ஓடும் அதே வகை விசிறிகள் இரண்டை அருகருகே வைத்தால் மொத்தக் காற்று கிட்டத்தட்ட அதே அளவுதான். இரண்டாவது விசிறி சேர்வதால் 3 டெசிபல் கூடும். ஆகவே மொத்தத்தில் சத்தம் 12 டெசிபல் குறைந்திருக்கும். சிறிய விசிறியை வேகமாக ஓட்டுவதைவிடப் பெரிய விசிறியை மெதுவாக ஓட்டுவது மேல் என்பதும் இதே காரணத்தால்தான். கேபினட்டில் இடம் இருந்தால் 80 மில்லிமீட்டரை விட்டுவிட்டு 120 அல்லது 140 மில்லிமீட்டரைத் தேர்ந்தெடுப்பதே அறிவு.

மெதுவாக்குவதற்கு எளிய வழி மதர்போர்டின் விசிறி இணைப்புத்தான். நான்கு பின் கொண்ட விசிறிக்கு 12 வோல்ட் முழுமையாகப் போய்க்கொண்டிருக்கும். வேகத்தைச் சொல்லும் துடிப்புகள் தனிக் கம்பியில் வினாடிக்கு 25,000 முறை போகும். அந்த அதிர்வெண் காதின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதால் மோட்டார் முனகுவதில்லை. மூன்று பின் விசிறியில் வோல்டேஜையே குறைக்க வேண்டும். 12 வோல்ட் தடத்துக்கும் 5 வோல்ட் தடத்துக்கும் நடுவே விசிறியை மாட்டி 7 வோல்ட் எடுக்கும் பழைய உத்தியை இன்றும் சிலர் செய்கிறார்கள். அதைத் தவிர்ப்பது நல்லது. விசிறியின் மின்னோட்டம் 5 வோல்ட் தடத்துக்குள் தள்ளப்படுகிறது, விசிறிக்குள் ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராக அங்கே பாய்ந்துவிடும். விலை குறைந்த மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்தாலே வேலை முடியும். எந்த வழியானாலும் நின்ற நிலையிலிருந்து விசிறி தானாகக் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் விசிறி 4 வோல்ட்டில் தொடர்ந்து ஓடும், ஆனால் அதே 4 வோல்ட்டில் கிளம்பாமல் நின்றுவிடலாம். வேகம் குறையும்போது காற்றின் இரைச்சல் அடங்கிப் பேரிங்கின் சத்தம் மேலே வரும் என்பதால், பால் பேரிங்கைவிடத் திரவப் படல பேரிங் உள்ள விசிறிகளே இங்கு ஏற்றவை.

விசிறியை எங்கே வைப்பது என்பதில்தான் பலன் அடங்கியிருக்கிறது. முதலில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் துளைகள் தயாரிப்பாளர் சொன்ன திசையை, பெரும்பாலும் மேல்நோக்கி, பார்த்திருக்க வேண்டும். கேபினட்டின் அடியில் பொருத்தும் வகையில் துளைகள் உள்பக்கம் திறந்திருக்கும். அங்கிருந்து எழும் சூடு கேபினட்டுக்குள்ளேயே வருவதால் பின்புறத்தில் மெதுவாக ஓடும் வெளியேற்று விசிறி ஒன்றும், முன்பக்கக் கீழ்ப்பகுதியில் உள்ளிழுக்கும் விசிறி ஒன்றும் இருந்தால் பெரும்பாலான கணினிகளுக்குப் போதும். பழைய கேபினட்டுகளில் எஸ்.எம்.பி.எஸ். மேல்மூலையில் இருக்கும். கணினியின் மொத்தச் சூடும் போய்ச் சேரும் இடம் அது. அங்கே துளைகளுக்கு நேராக விசிறி வைப்பது பயன் தரும். துளைகளை ஒட்டி அழுத்தி வைத்தால் இறக்கைகள் தகட்டின் விளிம்புகளைக் கடக்கும்போது உறுமல் கேட்கும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, ஸ்க்ரூவுக்குப் பதிலாக ரப்பர் ஊசிகளில் தொங்கவிட்டால் அந்த உறுமலும் தகட்டின் அதிர்வும் ஒழியும். காற்று கேபினட்டின் பொதுவான ஓட்டத்தோடு ஒரே திசையில் போக வேண்டும். வெளியேறிய சூடு மறுபடி உள்ளே இழுக்கப்பட்டால் விசிறியால் பயனில்லை.

விசிறி எப்போதும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். மூடியைத் திறந்து உள்ளே பொருத்த நினைப்பது உயிரோடு விளையாடுவது. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். நவீன எஸ்.எம்.பி.எஸ்.களின் முதன்மைக் கப்பாசிட்டரில் 380 முதல் 400 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் தங்கலாம். சில வடிவமைப்புகளில் ஹீட் சிங்கிலேயே மின்சாரம் இருக்கும். தேன்கூட்டுத் துளைகள் வழியே ஸ்க்ரூவோ கம்பியோ உள்ளே நுழையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு சிலருக்கு மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்கத் தொடங்கும். மின்சுருள்கள் மாறும் மின்னோட்டத்தில் அதிர்வதால் எழுவது அது. முன்பு விசிறியின் இரைச்சலில் மறைந்திருந்தது இப்போது வெளிப்படுகிறது, அவ்வளவுதான். கூடுதல் விசிறியால் அதைத் தீர்க்க முடியாது. உத்தரவாதக் காலத்துக்குள் கருவியை மாற்றிக்கொள்வதே வழி. இவ்வளவு ஏற்பாட்டில் ஈடுபட விரும்பாதவர்களுக்குச் சுமை குறைவாக இருக்கும்போது தன் விசிறியைத் தானே நிறுத்திக்கொள்ளும் கலப்பு வகை எஸ்.எம்.பி.எஸ்.கள் கிடைக்கின்றன. கடும் கோடையிலும் கனத்த விளையாட்டுகளிலும் விசிறி தானாகவே சுழலும் என்பதால் வெப்பமான ஊர்களுக்கு அவை நல்ல தேர்வு.

பெரும்பாலான எஸ்.எம்.பி.எஸ்.கள் தங்கள் உள்வெப்பநிலையை மென்பொருளுக்குத் தெரிவிப்பதில்லை. ஆகவே கம்பி முனை கொண்ட சிறிய டிஜிட்டல் வெப்பமானி ஒன்றைச் சூடான காற்று வெளியேறும் துளையருகே ஒட்டிவைத்து, கணினியை ஒரு மணி நேரம் நன்றாக வேலை வாங்கிய பிறகு பார்ப்பதே நம்பகமான வழி. விசிறியோடும் விசிறி இல்லாமலும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால் எந்த வேகம் போதும் என்பது தெரிந்துவிடும். அதற்கு மேல் ஓட்டத் தேவையில்லை. மெதுவான காற்றில் தூசு எளிதாகப் படியும் என்பதால் சில மாதங்களுக்கு ஒரு முறை கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, துளைகளையும் விசிறியின் வடிகட்டியையும் மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும்.