கொள்ளைநோய்க் காலத்தில் மாணவர் பரிமாற்றம்

பிற நாடு சென்று கல்வி பயிலுதல் மிகப் பழைய வழக்கம். ஆயினும், இரு கலாசாலைகள் தம்முள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, தத்தம் மாணாக்கரை ஒரு பருவமோ ஓர் ஆண்டோ ஒன்றுக்கொன்று அனுப்பியும் ஏற்றும் பயிற்றுவிக்கும் முறை சென்ற நூற்றாண்டிலேதான் நன்கு வேரூன்றியது. இதனையே மாணவர் பரிமாற்றம் என்கிறோம். 2020-ம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கோவிட் என்னும் கொள்ளைநோய் இம்முறையை அடியோடு அசைத்துவிட்டது. அக்காலத்தில் இதனை நடத்தியவர்களுக்கு நேர்ந்த இடர்கள் யாவை, அவற்றை அவர்கள் எவ்வாறு சமாளித்தனர், அவற்றினின்றும் கலாசாலைகள் அறியத்தக்கது யாது என்பனவற்றை இங்கே சுருங்க ஆராய்வோம்.

பரிமாற்ற மாணாக்கருடைய நிலை தனிப்பட்டதொன்று. அவருடைய பெயர் தாய்க் கலாசாலையின் பதிவேட்டில் இருக்கும். சம்பளத்தையும் பெரும்பாலும் அங்கேயே செலுத்துவார். ஆனால் அவர் உண்பதும் உறங்குவதும் பாடங் கேட்பதும் வேறொரு கலாசாலையில். அங்கே பெறும் மதிப்பெண்கள் தாய்க் கலாசாலையின் பட்டத்திற்குக் கணக்கிடப்படும். ஆகவே அவரைப் பாதுகாக்கும் பொறுப்பு இரண்டு நிலையங்களையும் சார்ந்தது. நற்காலத்தில் இஃது இரட்டைப் பேறு. தீக்காலத்திலோ, இரு வீடுகளின் இடையே நிற்பவன்மீது இரண்டு தாழ்வாரங்களின் நீரும் விழுவதுபோல, இருதிறத்துக் குழப்பமும் அம்மாணாக்கர் தலைமேலேயே வந்து விழும். இவ்வுண்மையை 2020-ம் ஆண்டு உலகிற்கு நன்கு உணர்த்திற்று.

இத்துறையில் பேர்பெற்ற ஏற்பாடுகள் இரண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், 1946-ம் ஆண்டில், அமெரிக்க ஆட்சிமன்ற உறுப்பினர் புல்பிரைட் என்பவருடைய முயற்சியால் ஒரு சட்டம் நிறைவேறியது. போரில் எஞ்சிய தளவாடங்களை விற்ற பொருளைக் கொண்டு நாடுகளுக்கிடையே கல்விப் பரிமாற்றம் நடத்துதல் அதன் நோக்கம். மற்றொன்று, ஐரோப்பிய நாடுகள் 1987-ம் ஆண்டில் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம். முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணாக்கரே அதிற் சேர்ந்தனர். பின்னர் அது பல லட்சம் இளைஞரை ஆட்கொண்டது. பகைமையால் பிரிந்திருந்த நாடுகளின் பிள்ளைகள் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டால் மறுபடியும் போர் மூளாது என்ற நம்பிக்கையே இத்தகைய ஏற்பாடுகளின் அடிப்படை எனலாம்.

இனி நோய் வந்த வரலாற்றைக் காண்போம். 2020 ஜனவரி 23-ம் தேதி சீன தேசத்து வூஹான் நகரம் அடைக்கப்பட்டது. அம்மாதம் 30-ம் தேதி இந்தியாவில் முதன்முதல் இந்நோய் காணப்பட்டது, வூஹானிற் பயின்று கேரளத்திற்குத் திரும்பியிருந்த ஒரு மருத்துவ மாணாக்கரிடத்திலேயாம். பிப்ரவரி இறுதியில் இத்தாலியின் வடபாகத்தில் நோய் மிகவே, புளோரன்ஸ் நகரில் கிளை வைத்திருந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில தம் மாணாக்கரைத் திருப்பியழைத்தன. மார்ச் 11-ம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் இதனை உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. அன்றிரவே அமெரிக்க ஜனாதிபதி, ஐரோப்பாவிலிருந்து வருவோரைத் தடுக்கும் ஆணையொன்றை வெளியிட்டார். அந்நாட்டுக் குடிகளுக்கு அவ்வாணை பொருந்தாதென்பது முதலில் தெளிவாக விளங்காமையால், ஐரோப்பாவில் தங்கியிருந்த அமெரிக்க மாணாக்கர் பலர் நள்ளிரவில் எழுந்து, கேட்ட விலை கொடுத்துப் பிரயாணச் சீட்டு வாங்கி, விமான நிலையங்களில் நெருக்குண்டனர். நோயினின்று தப்ப வேண்டியவர்கள் நோய் பரவுதற்கேற்ற கூட்டத்தில் நிற்க நேர்ந்தது. தெளிவற்ற ஒரு சொல் எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பரிமாற்றத்தை நடத்தியவர்கள் முன் எழுந்த முதல் வினா, மாணாக்கரைத் திருப்பியழைப்பதா, இருந்த இடத்திலேயே இருத்துவதா என்பது. அழைத்தல் வேண்டும் என்பார்க்குக் காரணங்கள் உண்டு: தாய்மொழி வழங்கும் மருத்துவசாலை, பெற்றோரின் அரவணைப்பு, அயல்நாட்டு எல்லைகள் அடைபடுமோ என்ற அச்சம். இருத்தல் நன்று என்பார்க்கும் காரணங்கள் உண்டு. பிரயாணமே நோய்க்கு வாகனமாகலாம். வீட்டிலுள்ள முதியோர்க்கு அதனால் இடர் நேரலாம். சிலருக்குத் திரும்பிச் செல்லத் தக்க வீடே இல்லை. மார்ச் 19-ம் தேதி அமெரிக்க அரசாங்கம் வெளிநாட்டிலிருந்த தன் குடிகளுக்கு, வழியிருக்கும்போதே திரும்புக, அன்றேல் காலவரையின்றி அங்கேயே தங்க ஆயத்தமாகுக என்று அறிவித்தது. மார்ச் 22 முதல் இந்தியாவிற்கு வரும் விமானங்கள் நிறுத்தப்பட்டன. மே 7-ம் தேதி தொடங்கிய தனி விமானங்களின் வாயிலாகவே வெளிநாட்டிற் சிக்கிய நம்மவர் ஊர் திரும்பலாயினர். ஆகவே, ஒரு வாரத் தாமதம் சில மாதப் பிரிவாக முடிந்தது.

ஐரோப்பாவில் எராஸ்மஸ் மாணவர் சங்கத்தார் அம்மார்ச் மாதத்தில் ஏறத்தாழ 22,000 பேரை விசாரித்தனர். அவருள் நூற்றுக்கு 65 பேருடைய பரிமாற்றம் எவ்வாறோ தொடர்ந்தது. 25 பேருடையது நின்றுவிட்டது. எல்லோரையும் ஒரே கட்டளையால் அழைப்பது எளிது. ஆனால் ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே கேட்டறிந்து முடிவு செய்வதே நேரியது என்பது நம் கருத்து.

இரண்டாவது வினா, மதிப்பெண்ணும் பொருளும் பற்றியது. பருவத்தின் நடுவே திரும்பியவருக்குப் பாதிப் பாடத்தின் பயன் யாது? பல கலாசாலைகள் இணையத்தின் வாயிலாகப் பாடத்தை முடிக்க இடந்தந்தன. சில, தரவரிசையை விடுத்துத் தேர்ச்சி உண்டு, இல்லை என்ற அளவில் மதிப்பிட்டன. பொருள் விஷயத்தில், மனித சக்திக்கு மேற்பட்ட நிர்ப்பந்தம் நேர்ந்தால் உடன்படிக்கையைத் தளர்த்தலாம் என்னும் விதியை ஐரோப்பிய ஆணைக்குழு கையாண்டது. அதனால், மாணாக்கர் முன்னரே செலுத்தி மீளப் பெற முடியாத வாடகை முதலியவற்றை உபகாரச் சம்பளத்தினின்று ஈடுசெய்ய வழி பிறந்தது. ஏட்டில் உறங்கிக் கிடந்த ஒரு விதி எத்தனையோ ஏழை மாணாக்கரைக் கடனினின்று காத்தது.

மூன்றாவது இடர், அரசாங்கங்களின் ஆணைகளால் நேர்ந்தது. 2020 ஜூலை 6-ம் தேதி, முழுதும் இணையவழியே பாடம் நடத்தும் கலாசாலைகளின் அயல்நாட்டு மாணாக்கர் அமெரிக்காவில் தங்கலாகாது என்று அந்நாட்டுக் குடிவரவு இலாகா அறிவித்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இரண்டே நாளில் நீதிமன்றம் சென்றன. 14-ம் தேதி அவ்வாணை கைவிடப்பட்டது. தம்மை நம்பி வந்தவருக்காக வழக்காடவும் பின்வாங்காத கலாசாலைகளின் செயல் போற்றத்தக்கது. ஆஸ்திரேலியா 2020 மார்ச்சில் அடைத்த எல்லையை 2021 டிசம்பர் 15-ம் தேதியே மாணாக்கருக்குத் திறந்தது. ஜப்பான் 2022 மார்ச்சிலேதான் தளர்த்தியது. சீனத்திற் பயின்ற இந்திய மருத்துவ மாணாக்கர் 2022-ம் ஆண்டின் பிற்பகுதிவரை காத்திருந்தனர்.

இவற்றின் விளைவை எண்களே விளக்கும். 2018-19-ம் கல்வியாண்டில் பிற நாடு சென்று பயின்று தம் பட்டத்திற்குக் கணக்குப் பெற்ற அமெரிக்க மாணாக்கர் 3,47,099 பேர். 2020-21-ல் அத்தொகை 14,549 ஆகச் சுருங்கியது. இந்த வெற்றிடத்தை இணையவழிப் பரிமாற்றம் ஓரளவு நிரப்பிற்று. இரு நாட்டு ஆசிரியர் சேர்ந்து ஒரு பாடத்தை வகுத்து, இரு நாட்டு மாணாக்கரையும் ஒரே திரையில் கூட்டுவது இதன் முறை. நோய்க்கு முன்னரே இது சில இடங்களில் நடைபெற்று வந்தது. பிரயாணச் செலவு இல்லாமையால் ஏழை மாணாக்கருக்கும் இது எட்டும். ஆயினும், குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை பத்து மணியாகும்போது டோக்கியோவில் நள்ளிரவு. ஒருவர் ஊக்கத்தோடு பேச, மற்றவர் தூக்கத்தோடு கேட்பார். மேலும், வாடகை வீட்டாரிடம் பேசுதல், சந்தையில் விலை கேட்டல், மொழி தெரியாது விழித்தல் முதலிய பாடங்களைத் திரை கற்பியாது. இணையம் பரிமாற்றத்திற்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது.

இனி, இவ்வனுபவத்தினின்று கலாசாலைகள் மனங்கொள்ள வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுவோம். முதலாவது, ஒவ்வொரு மாணாக்கரும் இன்று எங்கே தங்கியுள்ளார், அவரை எவ்வாறு அழைப்பது என்பது இரு கலாசாலைகளின் பதிவேடுகளிலும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, நோயோ போரோ வந்தால் அழைப்பவர் யார், செலவை ஏற்பவர் யார், மதிப்பெண்ணைக் காப்பது எங்ஙனம் என்பன உடன்படிக்கையிலேயே எழுதப்படுதல் வேண்டும். வெள்ளம் வந்தபின் அணை கோலுதல் பயனின்று. மூன்றாவது, இன்ஷ்யூரன்ஸ் பத்திரம் கொள்ளைநோயை விலக்குகிறதா என்று புறப்படுமுன்னரே பார்த்தல் வேண்டும். நான்காவது, அறிவிப்பு ஒரே வாயினின்று, எளிய சொல்லில், உரிய காலத்தில் வருதல் வேண்டும். ஐந்தாவது, திரும்ப இயலாத அயல்நாட்டு மாணாக்கருக்கு விடுதியின் ஓர் அறையும் அடுக்களையும் திறந்தே இருத்தல் வேண்டும். பூட்டிய விடுதியில் தனித்திருப்பவருக்கு உணவோடு ஓர் ஆசிரியரின் அன்பான விசாரிப்பும் மருந்தாகும்.

2023 மே 5-ம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் நோயின் அவசர நிலை முடிந்ததென அறிவித்தது. முன்னர் நாம் குறித்த அமெரிக்க மாணாக்கர் தொகையும் 2022-23-ம் கல்வியாண்டில் 2,80,716 ஆக உயர்ந்தது. அவ்வளவு இடர்ப்பட்ட பின்னரும் இளைஞர் மீண்டும் புறப்பட்டனர் என்பதை இது காட்டுகிறது. அவர்களைத் தடுப்பது அறிவுடைமையன்று. ஆயத்தமின்றி அனுப்புவதும் அறமன்று. நம் பிள்ளையை அயலார் எவ்வாறு பேணவேண்டுமென விரும்புகிறோமோ, அவ்வாறே அயலார் பிள்ளையை நாமும் பேணுதல் வேண்டும். பரிமாற்றம் என்னும் சொல்லின் முழுப் பொருளும் அதுவே.